தங்கவயல் தொழிலாளியின் விரல்ரேகை: 1930 முதல் ஆதார் வரை

(கோலார் தங்கவயலில் தொழிலாளர் குடும்பத்தினரிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இணையத்தின் வழியாகப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் புகார் செய்வதற்காக ஒன்றிய அரசு ஒரு தொலைபேசி எண்ணை வைத்திருக்கிறது. அந்த எண் 1930. அதைத் தேர்ந்தெடுத்த அதிகாரிகளுக்குத் தங்கவயலின் வரலாறு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இந்த மண்ணில் 1930 என்பது வேறொன்றை நினைவூட்டும் எண். அந்த ஆண்டில்தான் இங்குள்ள சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் விரல்ரேகை வைக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர்.

சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், உரிகம், மைசூர் மைன் என்று தனித்தனிப் பெயர்களில் கம்பெனிகள் இருந்தாலும், 1880 முதல் அவற்றை நிர்வகித்தது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனமே. தொழிலாளர் ஒவ்வொருவரும் பெயரைப் பதிந்து, விரல்ரேகையும் வைக்க வேண்டும் என்ற முறையை அந்தக் கம்பெனிகள் கொண்டுவந்தன. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்து பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. அன்று இங்கே அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கம் எதுவும் கிடையாது. ஊர் ஊராகச் சென்று பேசும் தலைவர்களும் இல்லை. அப்படியிருந்தும் சுரங்கங்கள் நின்றன. வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடந்தால் காரணம் எவருக்கும் உடனே புரியும். ஒரு மைத்துளியில் கட்டைவிரலை அழுத்துவதற்கு இவ்வளவு எதிர்ப்பு ஏன் எழுந்தது? படிப்பறிவற்றவர்களின் மூடநம்பிக்கை என்று அன்றைய வெள்ளை அதிகாரிகள் நினைத்திருக்கக்கூடும். தொழிலாளர்களின் கணக்கு அதைவிடத் தெளிவாக இருந்தது. ஒரு சுரங்கத்தில் மேஸ்திரியை எதிர்த்துப் பேசி வேலையிழந்தவன், பக்கத்துச் சுரங்கத்தில் வேறு பெயர் சொல்லி வேலைக்குச் சேர்ந்துவிட முடியும். பெயரை மாற்றலாம், ரேகையை மாற்ற முடியாது. ரேகைப் பதிவேடு வந்துவிட்டால் ஒரு கம்பெனியின் கோபம் எல்லாக் கம்பெனிகளின் கோபமாகிவிடும். அத்துடன், விரல்ரேகை எடுப்பது சிறையில் நடக்கும் காரியம் என்பதை அன்றைய தமிழ்நாட்டு ஏழைகள் நன்றாக அறிந்திருந்தனர்.

எப்படி அறிந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். விரல்ரேகை விஞ்ஞானம் இந்திய மண்ணில் வளர்ந்தது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரர் பின்னாளில் வாக்கு மாறிவிடக் கூடாது என்பதற்காக, அவருடைய முழு உள்ளங்கையையும் ஒப்பந்தத் தாளில் பதியச் செய்தார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் காப்பகம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் உழைத்தவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். ஆனால் அந்த முறைக்குச் சூட்டப்பட்டது அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். உழைப்பு ஒருவருடையது, உரிமை வேறொருவருடையது என்பது சுரங்கத்தில் மட்டும் நடப்பதில்லை.

இந்தக் கருவி அடுத்ததாகக் குற்றப்பரம்பரைச் சட்டத்தோடு சேர்ந்துகொண்டது. தென்மாவட்ட மக்கள் அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயரே ‘ரேகைச் சட்டம்’ என்பதுதான். சட்டத்தின் ஷரத்துகளை மக்கள் படிக்கவில்லை. தங்கள் உடம்பின் மீது அது என்ன செய்தது என்பதை வைத்துப் பெயரிட்டார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் அந்த ரேகைப் பதிவை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண்ணும் அதில் உயிரிழந்தார்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் தங்கம் விளைந்த டிரான்ஸ்வாலில், இந்தியர்கள் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906இல் ஜோகன்னஸ்பர்க்கில் எடுத்த உறுதிமொழியிலிருந்து காந்தியின் சத்தியாகிரகம் பிறந்தது. 1908இல் பதிவுச் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தியவர்களில் தமிழர்களும் இருந்தனர். இரு நாடுகளிலும் தங்கம் இருந்த இடத்தில் தொழிலாளியின் விரலுக்கு வலை விரிக்கப்பட்டது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள், மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய், கட்டுமானத்திலும் காவலிலும் வீட்டு வேலையிலும் கடைகளிலும் உழைத்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். போகும்போதும் வரும்போதும் எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. கூலி வருவது அதில், கடன் கேட்பது அதில், பிள்ளையின் பள்ளிச் செய்தியும் அதில். ஆனால் இந்தத் தலைமுறையின் விரல்ரேகை தொலைபேசியில் மட்டும் இல்லை. அது ரேஷன் கடையில், சிம் கார்டு விற்கும் கடையில், வங்கியின் வணிக முகவரிடத்தில், சார்பதிவாளர் அலுவலகத்தில் என்று எல்லா இடங்களிலும் பதிந்திருக்கிறது. ஓய்வூதியம் பெறும் முதியவர்கள் பலர், உயிரோடு இருப்பதை நிரூபிக்கவும் இன்று விரலை நீட்டுகிறார்கள்.

ஆதார் மூலம் பணம் எடுக்கும் முறை வேலை செய்யும் விதத்தை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டிருந்தால், ஒரு சிறு கருவியை வைத்திருக்கும் முகவரிடம் வங்கியின் பெயர், ஆதார் எண், விரல்ரேகை ஆகிய மூன்றையும் கொடுத்துப் பணம் எடுக்கலாம். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்க முடியும். ஏடிஎம் அட்டை வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், தொலைபேசிக்கு ஓடிபியும் வராது. வங்கிக் கிளை இல்லாத கிராமத்துக்கு இது வசதிதான். அந்த வசதியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ரகசிய எண்ணின் இடத்தில் இங்கே இருப்பது, மனிதன் தொட்ட ஒவ்வொரு டம்ளரிலும் பதிந்துபோகிற ஒன்று. திருடு போன ரகசிய எண்ணை மாற்றிக்கொள்ளலாம். திருடு போன விரலுக்கு மாற்று விரல் எங்கே போய் வாங்குவது?

இது கற்பனையான அச்சம் என்று எண்ணுவோருக்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2018இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் கார்டு விற்ற ஒருவர், அரசின் பத்திரப்பதிவு இணையதளத்திலிருந்து நிலப் பத்திரங்களைத் தரவிறக்கினார். அவற்றில் இருந்த கட்டைவிரல் பதிவுகளை ரப்பரில் முத்திரையாக வார்த்து, உரியவர்களுக்கே தெரியாமல் ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கியது வெளிவந்தது. 2023இல் கர்நாடகத்திலேயே, பெங்களூரிலும் மங்களூரிலும், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வந்த பலர் சில நாட்களில் தங்கள் கணக்கிலிருந்து ஆதார் வழியாகப் பணம் போனதாகப் புகார் செய்தனர். பத்திரப்பதிவுத் துறையின் ‘காவேரி’ இணையதளத்திலிருந்த பத்திரங்களின்மீது போலீசாரின் பார்வை திரும்பியது. ஆதார் எண்ணையும் ரேகையையும் மறைத்து வைக்கும் வேலை அதற்குப் பிறகே தொடங்கியது. மோசடிக்கு ஆளானவர்களில் யாரும் எவருக்கும் ஓடிபி சொல்லவில்லை, எந்தச் சுட்டியையும் தொடவில்லை. அரசு கேட்டது, கொடுத்தார்கள், அவ்வளவே. ‘மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்’ என்று விளம்பரம் செய்யும் அரசு, தன் பக்க எச்சரிக்கையைப் பற்றி இவ்வளவு உரக்கப் பேசுவதில்லை.

இங்குள்ள லைன் வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்பது நீண்டகாலக் கோரிக்கை. அந்தப் பத்திரம் கைக்கு வரும் நாளில் ஒவ்வொரு குடும்பத்தின் ரேகையும் பதிவுத்துறைக் கணினியில் ஏறும். ஆகவே வீட்டுக்கான கோரிக்கையோடு, பத்திர நகலில் ரேகையும் ஆதார் எண்ணும் மறைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையையும் இப்போதே சேர்த்து எழுதுவது நல்லது.

வயதானவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ எம்ஆதார் செயலியிலோ ‘பயோமெட்ரிக் பூட்டு’ என்ற வசதி இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டால் ரேகையையோ கருவிழியையோ வைத்து எவரும் ஆதார் சரிபார்ப்புச் செய்ய முடியாது. ரேஷன் வாங்கும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். அதே இடத்தில், ஆதார் எப்போது எங்கே பயன்படுத்தப்பட்டது என்ற வரலாற்றையும் பார்க்கலாம். நகல் கேட்பவர்களுக்கு, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுத்தால் போதும். பணம் எடுக்கும் இடத்தில் ‘ரேகை விழவில்லை, இன்னொரு தரம் வையுங்கள்’ என்று முகவர் சொன்னால், முதல் முயற்சி தோற்றதற்கான சீட்டைக் கேட்டு வாங்கிய பிறகே விரலை மறுபடி வைக்க வேண்டும். கல்லும் சிமெண்டும் தேய்த்த விரல்களில் ரேகை விழாமல் போவது உண்மையிலேயே நடக்கிறது. ஆகவேதான் இந்த ஏமாற்று எளிதாகிறது. ரேகை விழாததால் பொருள் மறுக்கப்படுபவரும், ரேகை திருடப்பட்டுப் பணம் இழப்பவரும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதார் இணைக்கவில்லை என்று ரேஷன் அட்டை நீக்கப்பட்ட குடும்பத்தில் 11 வயதுச் சிறுமி பட்டினியால் இறந்ததை நாடு மறந்திருக்காது.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. 1930 எண்ணுக்கு உடனே அழைத்துப் புகார் எண் வாங்க வேண்டும். வங்கிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வாடிக்கையாளருடையதாக இல்லாமல் மூன்றாவது ஆளால் மோசடி நடந்திருந்தால், வங்கியின் அறிவிப்பு வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு கிடையாது. புகார் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி கணக்கில் வரவு வைக்க வேண்டும். கிளை மேலாளர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் இந்தத் தேதியை எழுதிவைக்கச் சொல்லலாம்.

‘பத்துக்குப் பத்து லைன் வீட்டில், பக்கத்து வீட்டுக் குழம்பின் மணம் தெரிய வளர்ந்தவர்களுக்கு என்ன ரகசியம்?’ என்று கேட்போர் உண்டு. இதில் சொல்லின் குற்றமும் கொஞ்சம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பிரைவசி எனப்படுவதை ‘அந்தரங்கம்’ என்று மொழிபெயர்த்தால், கதவடைத்துச் செய்யும் காரியம் என்ற பொருள் வந்துவிடுகிறது. ‘தனியுரிமை’ என்றாலோ, தனியுடைமையை எதிர்த்துப் பழகிய தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். தங்கவயல்காரருக்கு இந்த அகராதிச் சிக்கல் தேவையில்லை. பொழுதெல்லாம் இருட்டில் உழைத்து மேலே வந்த தொழிலாளியை, தங்கம் ஒளித்திருக்கிறானா என்று உடம்பைத் தடவிச் சோதித்த காலம் இங்கே இருந்தது. அந்தச் சோதனை லண்டனில் இருந்த பங்குதாரர்களுக்குக் கிடையாது. யார் யாரைச் சோதிக்கலாம் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தின் பதிலைப் பெற்றவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. ஆதாரை எதிர்த்து அவர் 2012இல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். ஆனால் 2018 செப்டம்பர் 26 அன்று வந்த அடுத்த தீர்ப்பு ஆதாரை அனுமதித்தது. தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்பதற்கு 57ஆவது பிரிவு விட்டிருந்த வழியை வெட்டியது. 2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்கு அளித்துக்கொள்ள வழி வைத்தது. அதே கையோடு தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் நறுக்கியது. மக்களைப் பற்றி அரசு அறியலாம், அரசைப் பற்றி மக்கள் அறியக் கூடாது என்பதே அதன் சாரம். 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தை நீக்கி 2022இல் கொண்டுவந்த சட்டம், கைது செய்யப்படுவோரின் ரேகை, கருவிழி உள்ளிட்ட பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது. மறியலில் கைதாகும் இளைஞனின் ரேகை அவன் பேரன் காலம்வரை இருக்கும்.

வேலைத்தளங்களிலும் கங்காணியின் கண் கருவிக்கு மாறியிருக்கிறது. சண்டிகரில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரம் மாட்டப்பட்டபோது அவர்கள் போராடினார்கள். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் தினமும் இருமுறை புகைப்படம் ஏற்றினால்தான் வருகை என்றானது. 2025 ஜூலை முதல் அங்கன்வாடியில் தாயின் முகத்தைக் கருவி அடையாளம் கண்டால்தான் சத்துமாவு.

இயக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சாமி, பீமா கோரேகான் வழக்கில் கைதாகி 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். நடுக்கத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாத அந்த 84 வயது முதியவருக்கு எதிரான சான்றாகக் காட்டப்பட்டவை அவருடைய கணினியிலிருந்த கோப்புகள். அந்தக் கோப்புகள் வெளியிலிருந்து ஊடுருவியவர்களால் வைக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் என்ற தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. அவர் அப்போது உயிரோடு இல்லை. அதே வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் நச்சுநிரல் நுழைந்த விதத்தை அந்நிறுவனம் முன்பே விளக்கியிருந்தது: 2016 ஜூன் 13 அன்று, தெரிந்த தோழர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து ஓர் ஆவணம் வந்தது, திறந்து பார்க்கும்படி வற்புறுத்தல் வந்தது, அவர் திறந்தார். ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள் அந்தக் கணினி வேறொருவர் கையில் இருந்தது.

இதற்கு முன்னால் தனிமனிதனின் எச்சரிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று மனம் சோர்வது இயல்பு. பெகாசஸ் போன்ற அரசாங்கங்களுக்கு மட்டும் விற்கப்படும் உளவுக் கருவிக்கு எதிராக அது அதிக தூரம் தாங்காது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான ஊடுருவல்கள் அவ்வளவு விலையுயர்ந்தவை இல்லை. தோழரின் பெயரில் வந்தாலும், எதிர்பாராத இணைப்பைத் திறக்குமுன் அவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வார்த்தை கேட்பது செலவில்லாத பாதுகாப்பு. வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று வரும் ஏபிகே கோப்பு அழைப்பிதழ் ஆகாது, அது ஒரு செயலி. அதை நிறுவி அனுமதி கொடுத்துவிட்டால் குறுஞ்செய்திகள் வேறொருவருக்குப் போகக்கூடும். வாட்ஸ்அப் அமைப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியை வாரம் ஒருமுறை பார்ப்பதும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணை வைப்பதும் ஐந்து நிமிட வேலை. தொலைபேசி புதுப்பிப்புக் கேட்கும்போது தள்ளிப்போடக் கூடாது. பழைய ஓட்டை அதில்தான் அடைபடுகிறது. கிளைக் கூட்டத்தின் வருகைப் பட்டியலை, எல்லோர் தொலைபேசி எண்ணோடும், படமெடுத்துக் குழுவில் போடும் பழக்கத்தை மட்டுமாவது இன்றோடு விட்டுவிடலாம். அன்றைய கம்பெனி பெரும் நிர்வாகத்தை வைத்துத் தயாரிக்க முயன்ற பதிவேட்டை இன்று தோழர்களே இலவசமாகத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

போலீசார் தொலைபேசியையோ கணினியையோ கைப்பற்றினால், கைப்பற்றும் அந்த நேரத்திலேயே அதன் ‘ஹாஷ் மதிப்பு’ எழுதப்பட்ட நகலைக் கேட்க வேண்டும். கருவியில் அன்று இருந்தவை அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும் ஓர் எண் அது. பிறகு ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் எண் மாறிவிடும். ஆகவே அந்த எண் கையில் இருந்தால், பின்னால் எதையும் திணித்துவிட்டு ‘அப்போதே இருந்தது’ என்று சொல்வது கடினம். 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் இதழாளர்களின் வீடுகளில் புகுந்து கருவிகளை அள்ளிச் சென்ற பிறகு, இந்தச் சொல் பத்திரிகையாளர்களிடையே பரவியது. தொழிற்சங்க ஊழியர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

பயோமெட்ரிக் பூட்டைப் போட, ஆதாரில் பதிந்த தொலைபேசி எண் கையில் இருக்க வேண்டும். பல முதியவர்களின் ஆதாரில் இருப்பது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் பழைய எண்ணாகவோ, ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ கைமாறிப்போன எண்ணாகவோ இருக்கலாம். அவர்கள் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்ற வேண்டும். இரவு ரயிலில் திரும்பும் பிள்ளைகளுக்கு அதற்கு நேரம் இருக்காது. ஒவ்வொரு லைனிலும் வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர் நான்கு முதியவர்களை உடன் அழைத்துச் சென்றால், ஒரு மாதத்தில் இந்த லைன்களில் வேலை முடிந்துவிடும். அழைத்துச் செல்பவர் அவர்களுடைய ஓடிபியைத் தாமே தட்டாமல், அவர்களையே தட்டவைக்க வேண்டும், தாமதமானாலும் பரவாயில்லை.